22 வயதுக்குக் கொரிய ஐ க்ரீமா, சீரமா?

கண்ணுக்குக் கீழே பூச கொரிய ஐ க்ரீம் வாங்குவதா, நீர்த்த பதத்திலுள்ள சீரம் வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் 22 வயதுக்கும் சென்னைப் புழுக்கத்துக்கும், நியாசினமைடோ (வைட்டமின் பி3 வகை) ஈரம் காக்கும் ஹையலுரானிக் அமிலமோ உள்ள மெல்லிய சீரமே போதும். கொரிய நிறுவனமான பியூட்டி ஆஃப் ஜோசனின் ஐ சீரம் (பெயர்தான் சீரம், பதம் க்ரீம்தான்) சுருக்கத்துக்குப் பூசும் வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் (retinal) கலந்தது என்பதால், சுருக்கமே விழாத தோலுக்கு அதை வாங்க அவசரமில்லை.

கண்ணுக்குக் கீழே கடுகைவிடச் சிறிதாக, அரிப்பில்லாமல், வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருப்பதாக நீங்கள் எழுதியவை பெரும்பாலும் மிலியாவாக, அதாவது தோலுக்கடியில் அடைபட்ட சிறு வெண்புள்ளிகளாக, இருக்கலாம். கனமான க்ரீம் அதைத் தூண்டக்கூடும். அப்படி ஏதாவது பூசிவந்தால் அதைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டு, புதிதாகத் தோன்றுகின்றனவா என்று மட்டும் கவனியுங்கள். இருப்பவை மறையத் தாமதமாகும், ஊசியால் குத்தாதீர்கள்.

எண்ணிக்கை பெருகினாலோ இமை சிவந்தாலோ எந்தச் சீரமும் வேண்டாம். சென்ட்ரல் ரயில் நிலையம் எதிரிலுள்ள அரசு பொது மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டிவிடுங்கள்.