வியர்வையும் நடுக்கமும் கொழுப்பு கரைவதன் அடையாளம் அல்ல

எடை இறங்காமல் நின்றுவிட்டதைப் பற்றித்தான் கடிதம் முழுவதும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அச்சம் தந்தது இடையில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி. மாலை நடை முடியும் நேரத்தில் சில நாள்கள் கை நடுங்குகிறது, சட்டை நனைய வியர்க்கிறது, படபடப்போடு கடும் பசி எடுக்கிறது. இது கொழுப்பு கரைவதன் அடையாளம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள் என்கிறீர்கள். அப்படிச் சொன்னவர் உங்கள் மருந்துச் சீட்டைப் பார்த்தவர் அல்லர். நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையை இரு வேளை எடுத்துவரும் நீங்கள், இரண்டு மாதங்களாக நாளுக்கு 850 கலோரி மட்டும் சாப்பிட்டு, மதிய உணவையும் விட்டுவிட்டு, மாலையில் ஒன்றரை மணி நேரம் வேகமாக நடக்கிறீர்கள். உங்களுக்கு வருவது பெரும்பாலும் தாழ்சர்க்கரை, அதாவது இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுவது. அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை இந்த அளவுக்குக் கீழே தள்ளுவது அரிது. கிளிமிபிரைடு அப்படியல்ல. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பாராமல் கணையத்தை இன்சுலின் சுரக்கவைப்பது அது. அதன் வேலை ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் நீடிக்கும். நடக்கும்போது தசைகள் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. நடையை நிறுத்திய பிறகும் பல மணி நேரம் அது தொடர்கிறது. ஆகவே மாலையோடு ஆபத்து முடிவதில்லை. காலையில் தலையணை வியர்வையில் நனைந்திருந்தாலோ, காரணமில்லாத தலைவலியோடு எழுந்தாலோ, இரவிலும் சர்க்கரை இறங்கியிருக்கலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அளவு இன்னும் இறங்கினால் நடுக்கத்தோடு நிற்காது. பேச்சு குழறும், நிதானம் தவறும், நினைவு போகும். நீங்களோ நடை முடிந்த கையோடு இருசக்கர வண்டியில் வீடு திரும்புகிறீர்கள்.

அடுத்த முறை கை நடுங்கியதும் நடப்பதை நிறுத்தி உட்காருங்கள். குளுக்கோமீட்டர் கையில் இருந்தால் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் தாழ்சர்க்கரை, 54க்குக் கீழே என்றால் கடுமையானது. கருவி இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்காமல் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை அல்லது குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்தும் சரியாகவில்லையென்றால் மறுபடியும் அதே அளவு குடியுங்கள். சரியானதும் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மாத்திரை அட்டையைத் திருப்பி வோக்லிபோஸ் என்ற பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் மூன்று மருந்துகளும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை சாதாரணமாக எழுதப்படுகிறது. அது இருந்தால் வீட்டுச் சர்க்கரை குடலில் மெதுவாகத்தான் உடையும். குளுக்கோஸ் பொடியே கைகொடுக்கும். சட்டைப் பையில் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும் என்று வீட்டாரிடமும் இன்றே சொல்லிவையுங்கள்.

சர்க்கரை நோயால் அப்பா காலை இழந்ததைப் பார்த்த மகனுக்கு இந்த அவசரம் ஏன் என்பது எனக்குப் புரிகிறது. எடையைக் குறைத்தால் நோயையே பின்வாங்கச் செய்யலாம் என்று நீங்கள் படித்ததும் பொய்யல்ல. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைடு பகுதியிலும் நடந்து 2017இல் வெளியான டைரக்ட் ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரித் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 46 விழுக்காட்டினருக்கு ஓராண்டு முடிவில் மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. ஆனால் அங்கே சர்க்கரை மாத்திரைகளை முதல் நாளே மருத்துவர்கள் நிறுத்தியிருந்தார்கள். நடையை அதிகப்படுத்தச் சொன்னதும் வழக்கமான உணவுக்குத் திரும்பத் தொடங்கிய பிறகுதான். நீங்கள் 850 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைப் பாதுகாப்பாக்கிய ஏற்பாடு அத்தனையையும் விட்டுவிட்டீர்கள். இணையத்தில் பாதி படித்துவிட்டு வைத்தியம் தொடங்குபவர்களிடம் நான் கடிந்துபேசுவது இதனால்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலியோ வீக்கமோ இல்லாமல் முழங்காலில் சொடக்குச் சத்தம் கேட்பது நோயல்ல. மலச்சிக்கல் சாப்பாடும் தண்ணீரும் குறைந்ததால் வந்தது. தைராய்டு பழுதாகிவிட்டதோ என்ற சந்தேகம் தீர ஒரு டிஎஸ்ஹெச் பரிசோதனை போதும். வாங்கிவைத்திருக்கும் கொடம்புளி மாத்திரையைத் தூக்கியெறியுங்கள். எடை குறைய அது உதவும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை, கல்லீரல் பாதிப்பு மட்டும் சிலருக்கு வந்திருக்கிறது.

எடை நின்றதற்கும் பீதி வேண்டாம். முதல் மாதம் குறைந்த ஐந்து கிலோவில் கணிசமான பங்கு, கல்லீரலும் தசையும் சேமித்துவைத்திருந்த மாவுச்சத்தும் அதனோடு கட்டுண்டிருந்த நீரும். ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. அது அந்த வேகத்தில் கரையாது. கணக்கில் விடுபடுவதும் உண்டு. தோசைக்கு ஊற்றும் எண்ணெயையும் தேங்காய்ச் சட்னியையும் டீயில் சேரும் பாலையும் சர்க்கரையையும் யாரும் எழுதிவைப்பதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டுமே 120 கலோரி.

168 சென்டிமீட்டர் உயரமும் 81 கிலோ எடையும் கொண்டு, உட்கார்ந்தே கணக்கு வேலை பார்க்கும் 46 வயதுக்காரருக்கு நாளுக்கு ஏறத்தாழ 2,100 கலோரி செலவாகும். அதில் 500 குறைத்து, 1,600ஐ மூன்று வேளையாகப் பிரித்துச் சாப்பிட்டால் வாரத்துக்கு அரைக் கிலோவை ஒட்டிக் குறையலாம். ஒவ்வொரு வேளையிலும் சுண்டல், பருப்பு, முட்டை, மீன் என்று புரதம் ஏதாவது ஒன்று இருந்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைவதைக் குறைக்கலாம். ஒரு மணி நேர நடையில் செலவாகும் 300 கலோரியை, நடை முடிந்து டீக்கடையில் இரண்டு வடையும் ஒரு டீயும் திருப்பிக் கொடுத்துவிடும் என்பதால், எடையைக் குறைக்கும் பொறுப்பைத் தட்டிடமே விடுங்கள். நடை சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் இதயத்துக்கும் தேவை. மதிய உணவு சாப்பிட்ட பிறகு, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் என்று தொடங்கினால் போதும்.

மதிய உணவை நாளை முதலே மீண்டும் சாப்பிடத் தொடங்குங்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை ஒன்றரை மணி நேர நடை வேண்டாம். மாத்திரையை நீங்களாகப் பாதியாக உடைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். அடுத்த மாதச் சந்திப்புவரை பொறுத்திருக்கவும் வேண்டாம். மூன்று நாள்கள் காலை வெறும் வயிற்றிலும், நடைக்கு முன்னும் பின்னும், படுக்கும் முன்னும் பார்த்த அளவுகளை ஒரு தாளில் எழுதி, மாத்திரை அட்டையோடு இந்த வாரத்திற்குள் உங்கள் மருத்துவரிடம் கொண்டுபோய், உணவைக் குறைத்திருப்பதையும் நடுக்கம் வருவதையும் சொல்லி, கிளிமிபிரைடின் அளவைக் குறைக்கலாமா, நிறுத்தலாமா என்று நேரடியாகக் கேளுங்கள். இதற்கிடையில் ஒரு முறையாவது 54க்குக் கீழே இறங்கினால் மூன்று நாள் கணக்கு முடியக் காத்திராமல் அன்றே போங்கள்.