டர்பன் புறநகரில் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? தனிமையாக இருக்குமா?

"கல்யாணம் முடிந்து டர்பனுக்கு வரப்போகிறேன், வீடு நகரத்துக்கு வெளியே மேட்டுப் பகுதியில் இருக்கிறது, அவர் வேலைக்குப் போனபின் பகல் முழுக்கத் தனியாக இருந்தால் பைத்தியம் பிடித்துவிடாதா, உள்ளதைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். நானும் தென்காசியிலிருந்து கல்யாணமாகி இந்தத் தென்னாப்பிரிக்க ஊருக்கு வந்தவள்தான். ரிசர்வாயர் ஹில்ஸில் இருக்கிறோம். கணவர் டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், மிளகு என்று ஒரு கறுப்புப் பூனையும்.

தனிமை இருக்கும். அதை மறைக்க மாட்டேன். எங்கள் ஊரில் வாசல் தெளிக்கப் போனாலே நாலு பேரிடம் பேசிவிட்டுத்தான் உள்ளே வர முடியும். இங்கே வாசல் என்பதே கிடையாது, இரும்புக் கேட்டும் மதில் சுவரும்தான், சுவருக்கு மேலே மின்கம்பி வேலி, கேட்டில் பாதுகாப்புக் கம்பெனியின் பலகை. உம்கேனி ஆற்றுக்கு மேலே ஏற்றமும் இறக்கமுமான தெருக்கள், நடந்து போகிறவர்கள் குறைவு, எல்லோரும் காரில் வந்து கேட்டைத் திறந்து உள்ளே போனதும் தெரு காலியாகிவிடும். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலே வருடக்கணக்கில் இருக்கலாம். அதனால் இங்கே மனிதர்கள் தானாகக் கிடைக்க மாட்டார்கள், அதற்கு ஒரு வழி வேண்டும். எனக்கு அந்த வழி இரண்டு: நூலகம், பூனை. இந்த இரண்டையும் பற்றித்தான் சொல்லப்போகிறேன், மற்றதெல்லாம் நீங்களே பழகிக்கொள்வீர்கள்.

நாள் எப்படிப் போகும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், அதற்கும் முன்னால் ஹடீடா என்ற பறவை கூரை மேல் உட்கார்ந்து கத்தி ஊரையே எழுப்பிவிடும். சாம்பல் பழுப்பு நிறம், நீளமாக வளைந்த மூக்கு, புல்தரையில் நடந்து புழு தேடும்போது சாதுவாகத்தான் தெரியும், பறக்கும்போது போடுகிற கூச்சல்தான் தாங்காது. கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, லாரிகள் நெடுஞ்சாலையை அடைக்கும் முன்னே கிளம்பிவிடுவார். நான் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். இந்தியா நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அம்மாவிடம் பேச வேண்டுமென்றால் இங்கே சாயங்காலம் ஆறரைக்குள் பேசிவிட வேண்டும், அதற்கு மேல் ஆனால் அங்கே தூங்கிவிடுவார்கள். இதெல்லாம் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே மாதிரி ஓடும்.

சனிக்கிழமைதான் எங்களுக்கு நாள். காலையில் நகராட்சியின் கிளை நூலகம், அங்கிருந்து சாட்ஸ்வொர்த்தில் பங்களாதேஷ் மார்க்கெட், அப்புறம் அத்தை வீட்டில் சாப்பாடு. அந்த மார்க்கெட் வெள்ளியும் சனியும்தான், கறிவேப்பிலை, முருங்கைக்காய், வெண்டை, பச்சை மொச்சை எல்லாம் கிடைக்கும். நம்ம ஊர்க் காய் கிடைக்குமா என்று நீங்கள் கவலைப்படவே வேண்டாம்.

நூலகம் பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் காசு கொடுக்காமல், யார் வீட்டு விருந்தாளியாகவும் இல்லாமல், நாலு பேர் நடுவில் போய் உட்கார முடிகிற இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். மாலில் உட்கார்ந்தால் காபியாவது வாங்க வேண்டும், கோயிலுக்குப் போனால் பூஜை முடிந்ததும் அவரவர் கார். நூலகத்தில் பத்திரிகை படிக்க வருகிற ஓய்வுபெற்ற வாத்தியார்கள் இருப்பார்கள், பக்கத்துப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் இருப்பார்கள். அக்டோபர் வந்துவிட்டால் மேசை கிடைப்பதே கஷ்டம், பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிற பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டில் ஒரே அறையில் ஐந்தாறு பேர் இருக்கிற பிள்ளைகளுக்கு அந்த மேசைதான் படிக்கிற இடம், அதைப் பார்த்தால் நாமே எழுந்து இடம் கொடுத்துவிடுவோம். 2022, 2023இல் பல நாள் மணிக்கணக்கில் மின்சாரம் நிறுத்தினார்களே, பகுதி பகுதியாகத்தான் நிறுத்துவார்கள் என்பதால் எங்கள் தெரு இருட்டாக இருக்கும்போது சில நாள் நூலகத்தில் வெளிச்சம் இருக்கும். அந்தச் சமயத்தில்தான் நிறையப் பேர் முகம் பழகியது.

என் மாமனாரும் சனிக்கிழமை அங்கேதான் வருவார். மாமாவுக்கு அந்த நூலக அட்டை மேல் இருக்கிற பிரியத்தை நான் வந்த புதிதில் புரிந்துகொள்ளவில்லை, அவர் கதையைக் கேட்ட பிறகுதான் புரிந்தது. அவர் சின்னப் பையனாக இருந்தபோது டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் வீடு. 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தின்படி நிறத்தைப் பார்த்து யார் எங்கே வசிக்கலாம் என்று அரசாங்கமே கோடு போட்டது, அங்கிருந்த இந்தியக் குடும்பங்கள் பல 1960களில் சாட்ஸ்வொர்த்துக்குப் போக வேண்டி வந்தது, இவர்கள் குடும்பமும் போனது. 1953இல் தனி வசதிகள் சட்டம் என்று இன்னொன்று, பூங்கா பெஞ்ச், கடற்கரை, நூலகம் எல்லாம் நிறத்துக்கு நிறம் வேறு. நகரத்தின் நடுவில் சிட்டி ஹாலில் இருந்த நகராட்சி நூலகத்துக்குள் மாமா போக முடியாது, அது வெள்ளைக்காரர்களுக்கு. இவர்களுக்கு இருந்தது குயீன் தெருவில் காந்தி பெயரில் ஒரு நூலகம், காந்தியோடு சிறைக்குப் போன பார்சி ருஸ்தம்ஜியின் பெயரில் ஒரு மண்டபமும் அதோடு சேர்ந்தது. இப்போது அந்தத் தெருவுக்கு டெனிஸ் ஹர்லி தெரு என்று பெயர். பள்ளிக்கூடம் விட்டு பஸ் காசை மிச்சம் பிடித்து அங்கே நடந்து போவாராம். அந்தத் தனி வசதிகள் சட்டம் ஒழிந்தது 1990இல்தான். அதுவரை படிப்பாசையை அடக்கி வைத்திருந்த மனுஷன் இப்போது எந்த அலமாரியிலும் கை வைக்கலாம் என்பதையே கொண்டாடுகிறார். அவர் எந்தப் புத்தகத்தையும் மடித்து வைக்க மாட்டார், ஓரத்தில் பென்சில் கோடு கண்டால் அழிப்பானை எடுத்து அழித்துவிடுவார்.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உங்கள் கணவர் குடும்பத்துக்கும் பயன்படலாம். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை 1,52,000 பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் இருக்கிற நட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள், பெரும்பாலும் கரும்புத் தோட்டத்துக்கு. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அந்தக் கப்பல் பட்டியல்களைப் பார்க்க வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிற காந்தி - லுதுலி ஆவண மையம் உதவும். எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். மாமா தன் தாத்தாவின் அப்பாவை அந்தப் பட்டியலில் தேடிப் பிடித்துவிட்டார். ஒரு சனிக்கிழமை நகல் எடுத்த தாளை நூலக மேசையில் விரித்தார். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம், உயரம், கடைசிக் கட்டத்தில் உடம்பில் உள்ள அடையாளம்: இடது முன்கையில் தழும்பு. ஊர்ப் பெயரை எழுதினவன் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறான், இங்கே யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. நான் இரண்டு மூன்று தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், ஜில்லா வட ஆற்காடு என்று இருந்ததால் போளூர் பக்கம் தேடினேன், போன் வரைபடத்தில் ஊர் வந்துவிட்டது. மாமா ஊரைப் பார்க்கவில்லை, அந்தத் தழும்பு என்ற வரியையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவருடைய நண்பர்கள் ஒவ்வொருவராகத் தாளோடு வர ஆரம்பித்தார்கள். இப்போது சனிக்கிழமை என்றால் "ஊர் பார்க்கிற பொண்ணு வந்தாச்சா" என்று கேட்கிறார்கள். தமிழ் தெரிந்த ஒருவர் இங்கே எவ்வளவு பேருக்கு வேண்டியிருக்கிறது என்று நீங்களே வந்து பார்ப்பீர்கள்.

கணவரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், இங்கே பிறந்தவர்களோடு பேச்சு ஒத்துப்போகுமா என்று. வீட்டில் ஆங்கிலமும் தமிழும் கலந்து ஓடும். அவர் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் வைத்துச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்தவர், ராகம் தப்பாமல் பாடுவார். இப்போது தமிழ் எழுத்திலேயே படிக்க வேண்டும் என்று அவராகவே ஆசைப்பட்டு, நூலகத்தில் நான் உட்கார்ந்திருக்கும் மேசையில் எதிரே உட்கார்ந்து எழுதிப் பழகுகிறார். "இந்த ழ மட்டும் கையில வரமாட்டேங்குது, நீயே ஒருதரம் போட்டுக் காட்டேன்" என்பார். எங்கள் இருவருக்கும் வாரத்திலேயே பிடித்த நேரம் அதுதான். கல்யாணம் ஆன புதிதில் ஊர் சுற்றிப் பார்ப்பதைவிட இப்படி ஒரே மேசையில் ஆளுக்கொரு வேலையாக உட்கார்ந்திருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

சரி, பூனைக்கு வருகிறேன். மிளகை விலங்குகள் காப்பகத்திலிருந்து எடுத்து வந்தோம். அது வந்த பிறகுதான் எனக்கு இந்தத் தெருவே தெரிய வந்தது. நமக்கு மதில், அதற்கு மதில் ஒரு பாதை. ஒருநாள் கேட்டில் மணி அடித்தது, பார்த்தால் கீழ்வீட்டு ஜூலு இனத்துப் பாட்டி, இங்கே வயதான பெண்களை மரியாதையாக கோகோ என்றுதான் கூப்பிட வேண்டும். "கறுப்புப் பூனை உங்களுடையதா, மத்தியானம் என் வீட்டில்தான் சாப்பிடுகிறது, நீங்கள் தேடுவீர்களோ என்று வந்தேன்" என்றார். அதற்கு அடுத்த வாரம் அவர் தோட்டத்து அமடும்பே ஒரு பை நிறையக் கொடுத்தார். நம்ம சேப்பங்கிழங்கேதான். வேகவைத்து, புளியும் மிளகாய்த்தூளும் பிரட்டி, எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்து ஒரு டப்பாவில் கொண்டு போய்க் கொடுத்தேன். டப்பா காலியாகத் திரும்பி வந்ததே இல்லை, இன்றுவரை ஏதாவது ஒன்று அதில் வரும்.

பூனை வைத்தால் இங்கே சில விஷயம் கவனிக்க வேண்டும். நம்ம க்வாசுலு-நட்டால் மாகாணத்தில் வெறிநோய் இன்னும் இருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் ஊசி சட்டப்படி கட்டாயம்: மூன்று மாதத்தில் முதல் ஊசி, அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் அடுத்தது, அப்புறம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. அட்டையைப் பத்திரமாக வையுங்கள். குரங்குக் கூட்டம் வரும், சமையலறை ஜன்னல் திறந்திருந்தால் ரொட்டி, வாழைப்பழம் எல்லாம் போய்விடும், குட்டி வைத்திருக்கிற தாய்க் குரங்கு இருந்தால் பூனையை உள்ளே தூக்கிக்கொள்ளுங்கள். குரங்கு வந்தால் மிளகு பிரிட்ஜ் மேல் ஏறி வயிற்றை அழுத்திப் படுத்துவிடும், காது மட்டும் திரும்பிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் பாம்பு. பயமுறுத்தவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் பால்மியட் காட்டுப் பகுதி இருக்கிறது, வெஸ்ட்விலிலும் எங்கள் பக்கத்திலும் கொடிய விஷமுள்ள கறுப்பு மாம்பா அவ்வப்போது வீடுகளுக்குள் வரும். ஒரு நவம்பர் சாயங்காலம் எங்கள் மிளகு, தோட்டத்துச் செடி வேலியைப் பார்த்து அசையாமல் நின்றது, வாலின் நுனி மட்டும் ஆடியது, கூப்பிட்டால் திரும்பவில்லை. கணவர் "கிட்ட போகாத, உள்ள வா" என்று சொல்லிவிட்டுப் பாம்பு பிடிப்பவரைக் கூப்பிட்டார். கோகோவும் எதிர்வீட்டுக்காரர்களும் தெருவில் கூடிவிட்டார்கள். கடைசியில் அது பச்சை உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட புதர்ப் பாம்பு, விஷமே இல்லாதது, பல்லி தேடி வந்திருக்கிறது. வந்தவர் அதைக் கையில் வைத்து எல்லோருக்கும் காட்டிவிட்டுக் கொண்டு போனார். எதிர்வீட்டுக்காரர்களோடு நாங்கள் நின்று பேசியது அன்றுதான் முதல் தடவை, அப்போதே எல்லோர் எண்ணும் வாங்கி ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். பாம்பு பிடிப்பவர் எண் அதில் மேலேயே இருக்கிறது, நீங்களும் வந்ததும் அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நூலகத்தில் சேர பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் கொண்டு போங்கள். தண்ணீர், மின்சார ரசீது உங்கள் கணவர் பெயரில்தான் இருக்கும், அதனால் நீங்கள் அந்த வீட்டில் இருப்பதாகப் போலீஸ் நிலையத்தில் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொண்டால் வேலை சுலபம், அதற்குக் காசு கிடையாது. என்னிடம் அப்படித்தான் கேட்டார்கள். தமிழ்ப் புத்தகம் மட்டும் இங்கே வாங்குவது கஷ்டம், பெட்டியில் இடம் இருந்தால் நாவல்கள் நாலைந்து போட்டுக்கொண்டு வாருங்கள், என்னிடம் இருப்பதோடு மாற்றிக்கொள்ளலாம். சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் வந்தால் ஜன்னலோர மேசையில்தான் இருப்போம்.