பரிசோதனை முடிவுகள் இயல்பு. அசதி மட்டும் ஏன்?

கேள்வி: எனக்கு வயது 44. ஈரோடு மாவட்டத்தில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். ஆறு ஆண்டுகளாக முடக்குவாதத்துக்குச் சிகிச்சை எடுத்து வருகிறேன். வாரம் ஒருமுறை, சனிக்கிழமை இரவில், முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை 15 மில்லிகிராம் எடுத்துக்கொள்கிறேன். ஃபோலிக் அமில மாத்திரையும் உண்டு. விரல்களில் வீக்கம் இப்போது இல்லை. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் இயல்பாக உள்ளன. ஹீமோகுளோபின் 10.6. ஆனாலும் காலையில் எழும்போதே உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. பள்ளியிலிருந்து திரும்பியதும் படுத்துவிடுகிறேன். 'ரிப்போர்ட் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது' என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கே என்மீது சந்தேகம் வந்துவிட்டது. இதற்கு என்ன காரணம்? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அந்தச் சந்தேகத்தை விட்டுவிடுங்கள். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகியவை இரத்தத்தில் அழற்சி எந்த அளவுக்கு இருக்கிறது என்பதைக் காட்டும் பரிசோதனைகள். அசதியை அளப்பதற்கு அவற்றால் முடியாது. மூட்டு வீக்கமும் வலியும் முழுமையாகக் கட்டுப்பட்ட பிறகும் அசதி தொடர்வதாகச் சொல்லும் முடக்குவாத நோயாளிகள் பலர். மருத்துவத் துறையே இதை நெடுங்காலம் பொருட்படுத்தாமல் இருந்தது. மூட்டுநோய் ஆய்வுகளில் எதை அளக்க வேண்டும் என்று பரிந்துரைக்கும் ஓமெராக்ட் என்ற பன்னாட்டுக் குழு, முடக்குவாத ஆய்வுகளில் அசதியையும் அளக்க வேண்டும் என்று கூறியது 2007இல்தான். நோயாளிகள் தாங்களே அக்குழுவில் அமர்ந்து வற்புறுத்தியதால் கிடைத்த மாற்றம் அது.

நாள் முழுக்க உழைத்தால் வருவது களைப்பு. ஓர் இரவு உறங்கினால் போய்விடும். நீங்கள் சொல்வது உழைப்புக்குப் பொருந்தாமல் வருவது, உறங்கி எழுந்தாலும் விலகாதது. முடக்குவாதத்தில் நோய் எதிர்ப்பு மண்டலம் மூட்டுச் சவ்வைத் தாக்கும்போது டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போன்ற வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. இவை மூட்டோடு நின்றுவிடாமல் மூளையின் செயல்பாட்டையும் பாதிக்கின்றன. கடும் காய்ச்சலின்போது எதிலும் நாட்டமில்லாமல் படுத்தே கிடக்கத் தோன்றுவதற்கும் இதே வேதிப்பொருள்கள்தாம் காரணம். ஆனால் அழற்சி தணிந்த பின்னும் அசதி நீடித்தால், வேறு காரணங்களையும் தேடியாக வேண்டும். எல்லாவற்றையும் முடக்குவாதத்தின் தலையில் கட்டிவிட்டால், எளிதில் சரிசெய்யக்கூடிய ஒன்று கண்ணில் படாமலே போய்விடும்.

உங்கள் கடிதத்திலேயே அப்படி ஒன்று இருக்கிறது. கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. 10.6 என்பதை 'நம் ஊர்ப் பெண்களுக்கு இவ்வளவுதான் இருக்கும்' என்று கடந்துபோவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அது எனக்கு வருத்தம் தருகிறது. முடக்குவாதத்தில் இரத்தசோகை பல வழிகளில் வரும். அழற்சி மிகுந்திருக்கும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். அது குடலில் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைத்து, உடலில் ஏற்கெனவே இருக்கும் இரும்பையும் வெளிவரவிடாமல் அடைத்துவைக்கும். உங்களுக்குச் சி.ஆர்.பி. இயல்பாக இருப்பதால், இது மட்டுமே காரணம் என்று நான் முடிவு கட்ட மாட்டேன். மாதவிடாயில் இரத்தப்போக்கு மிகுதியாக இருக்கிறதா, வலி மாத்திரைகளை அடிக்கடி எடுத்ததால் இரைப்பையில் புண் ஏற்பட்டுச் சிறிது சிறிதாக இரத்தம் கசிகிறதா, மெத்தோட்ரெக்சேட்டால் ஃபோலேட் குறைந்திருக்கிறதா, உணவில் வைட்டமின் பி12 போதவில்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனையில் சிவப்பணுவின் அளவைக் குறிக்கும் எம்.சி.வி. என்ற எண்ணே நல்ல வழிகாட்டி: இரும்பு குறைந்தால் அணுக்கள் சிறுத்தும், பி12 அல்லது ஃபோலேட் குறைந்தால் பெருத்தும் காணப்படும். உடலில் சேமித்துவைத்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைத் தனியாகப் பார்த்து ஏமாறக் கூடாது. அழற்சி இருக்கும்போது அது உயர்ந்து காட்டும் என்பதால், இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் எத்தனை விழுக்காடு நிறைந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பதே முறை. காரணம் தெரிவதற்கு முன்பே மருந்துக்கடையில் இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடத் தொடங்காதீர்கள். இரும்புக் குறைபாடுதான் என்று உறுதியானால், மாத்திரையோடு காபியோ தேநீரோ குடிக்காமல் இருப்பதும், உணவில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ப்பதும் இரும்பு உடலில் சேர உதவும்.

அதே இரத்த மாதிரியிலேயே தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச்., சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம், வைட்டமின் டி ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். முடக்குவாதம் உள்ளவர்களிடம் தைராய்டுக் குறைபாடு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவதால், டி.எஸ்.எச். பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

அடுத்து மருந்துகள். மெத்தோட்ரெக்சேட் எடுத்த மறுநாள் தலை கனத்து, குமட்டி, எதுவும் செய்ய முடியாமல் இருப்பதைப் பலர் அனுபவிக்கிறார்கள். நீங்கள் சனிக்கிழமை இரவில் எடுப்பது ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கலாம் என்ற எண்ணத்தில் இருக்கலாம். ஆனால் நம் வீடுகளில் பெண்களுக்கு ஞாயிறுதான் ஓய்வே இல்லாத நாள்: துவைக்கும் துணி, இட்லிக்கு மாவு, வரும் உறவினர் எல்லாம் அன்றைக்குத்தான். மருந்து தரும் அசதியும் வேலை தரும் களைப்பும் ஒன்றுசேர, திங்களன்று காலை நீங்கள் ஏற்கெனவே ஓய்ந்துபோய்ப் பள்ளிக்குக் கிளம்புகிறீர்கள். இரண்டு மாத காலம் அசதியின் அளவை நாள்தோறும் குறித்துவைத்தால், அது மருந்து நாளை ஒட்டி ஏறி இறங்குகிறதா என்பது தெரியும். அப்படியானால் மருந்து நாளை மாற்றுவது, ஃபோலிக் அமிலத்தின் அளவைக் கூட்டுவது, மாத்திரைக்குப் பதிலாகத் தோலடி ஊசியாகப் போடுவது என்று உங்கள் மருத்துவரிடம் வழிகள் உண்டு. நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். வாரம் ஒருமுறை எடுக்க வேண்டிய இம்மருந்தைத் தவறுதலாகத் தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து என்பதை வீட்டில் உள்ளவர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஸ்டீராய்டு மாத்திரையைச் சில வாரங்களுக்கு மேல் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால், அட்ரீனல் சுரப்பி உடனே ஈடுகொடுக்க முடியாமல் கடும் அசதியும் தலைச்சுற்றலும் வரும். மூட்டுவலிக்கென்று பெயர், அளவு எதுவும் எழுதாமல் தரப்படும் சில பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. அப்படி எதையாவது எடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கடிந்துகொள்வாரோ என்று தயங்க வேண்டாம்.

உறக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இரவில் எத்தனை முறை விழிக்கிறீர்கள், குறட்டை உண்டா, மாதவிடாய் நிற்கும் பருவத்தை ஒட்டிய உடல் வெப்பமும் வியர்வையும் எழுப்புகின்றனவா என்று கவனியுங்கள். மூட்டில் வீக்கமே இல்லாமல் உடல் முழுவதும் வலித்தால், முடக்குவாதத்தோடு, உடலெங்கும் வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோயும் சேர்ந்திருக்கக்கூடும். அதற்கு மூட்டு மருந்தின் அளவைக் கூட்டிப் பயனில்லை. மனச்சோர்வும் அப்படித்தான். முன்பு விரும்பிச் செய்தவற்றில் இரண்டு வாரங்களாக நாட்டம் இல்லை என்றால், அதையும் ஒரு நோய்க்குறியாகவே சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

இவை எல்லாவற்றையும் பார்த்துச் சரிசெய்த பின்னும் ஓரளவு அசதி மிஞ்சலாம். அதைக் கையாளச் சான்றுள்ள வழிகள் இரண்டு. ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பான யூலார் அசதிக்கென்றே வெளியிட்ட 2023ஆம் ஆண்டுப் பரிந்துரைகளும் உடற்பயிற்சியையும், அன்றாடப் பழக்கங்களை ஆராய்ந்து மாற்றிக்கொள்ள உதவும் உளவியல் சார்ந்த பயிற்சியையும்தான் முன்வைக்கின்றன. அசதியாக இருப்பவரை நடக்கச் சொல்வது முரணாகத் தோன்றும். ஆனால் படுத்தே இருந்தால் தசை மெலியும். மெலிந்த தசைக்குச் சிறு வேலையும் பெருஞ்சுமையாகும். அதனால் இன்னும் படுக்கத் தோன்றும். வெயில் தாழ்ந்த பின் பத்து நிமிட நடையில் தொடங்குங்கள். நல்ல நாளிலும் பத்து நிமிடம்தான், சோர்ந்த நாளில் ஐந்து நிமிடமாவது. மறுநாள் உடம்பு தாங்கியது என்றால், வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டலாம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எட்டு முறை எழுந்து உட்காருவது தொடைத் தசைக்குப் போதுமான தொடக்கம். மூட்டு வீங்கியிருக்கும் நாளில் அந்த மூட்டுக்கு மட்டும் ஓய்வு கொடுங்கள்.

பழக்கத்தில் மாற்ற வேண்டியது, என் அனுபவத்தில், பெரும்பாலும் ஒன்றுதான்: உடம்பு சற்று லேசாக இருக்கும் நாளில் தேங்கிய வேலை அத்தனையையும் முடித்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் கிடப்பது. வேலையை வாரம் முழுவதும் பரப்புங்கள். அசதி உச்சத்துக்கு வந்த பிறகு படுக்காமல், வருவதற்கு முன்பே பதினைந்து நிமிடம் அமருங்கள். காய் நறுக்குவது, துணி மடிப்பது, விடைத்தாள் திருத்துவது எல்லாம் முதுகு சாய உட்கார்ந்து செய்யக்கூடியவை. வகுப்பில் ஒரு நாற்காலியைக் கேட்டுப் பெறுங்கள். மாலையில் அரை மணிக்கு மேல் உறங்கினால் இரவுத் தூக்கம் கெடும்.

அசதியோடு காய்ச்சல், வாய்ப்புண், கறுத்த மலம், படியேறும்போது புதிதாக மூச்சிரைப்பு, நெஞ்சில் இறுக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் தொடர் இருமலும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். பின்னாளில் டி.என்.எஃப். வேதிப்பொருளைத் தடுக்கும் ஊசி மருந்து போடும் நிலை வந்தால், இந்த அறிகுறிகள் இல்லாவிட்டாலும் அது கட்டாயம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, ஒவ்வொரு நாளின் அசதிக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, அருகில் உறக்கம், மருந்து நாள், மாதவிடாய் ஆகியவற்றைக் குறித்த தாளை எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் கணவரையும் அழைத்துப்போய், ரிப்போர்ட்டில் தெரியாத இந்த அசதியைப் பற்றி மருத்துவர் வாயாலேயே அவர் கேட்கும்படி செய்யுங்கள்.