கலிபோர்னியாவில் போய் பவர் பார்க்கலாமா?

தக்கலையில் ஒரு கண்ணாடிக் கடையில் ஆறு வருஷமாக பவர் பார்க்கும் தங்கச்சி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "அக்கா, கையில் இரண்டு வருஷ டிப்ளமோ உண்டு. இவருக்கு கலிபோர்னியாவில் வேலை, ஜனவரியில் நானும் போறேன். அங்கே கண் டாக்டரிடம் இதே வேலை செய்யலாமா? பரீட்சை ஏதும் எழுதணுமா? டெக்சாஸில் இருக்கிற எங்க மைனி லைசென்சே வேண்டாம் என்கிறாள். பவர் பார்க்கிற லென்ஸ் பெட்டி, அந்த டிரையல் செட்டைக் கையோடு கொண்டு போகட்டுமா?"

பிள்ளே, நான் 14 வருஷமாக அந்த மாநிலத்தில்தான் ஒரு ஆப்டோமெட்ரிஸ்ட்டிடம் (கண்ணைப் பரிசோதித்து பவர் சீட்டு எழுதும் டாக்டர்) உதவியாளராக இருக்கிறேன். இப்போது லீவில் வந்து திங்கள்சந்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே மழை, கரண்டும் இல்லை. சாவகாசமாகவே சொல்கிறேன்.

உன் மைனி பொய் சொல்லவில்லை. டெக்சாஸில் கண்ணாடி விற்கவும் ஃபிரேம் சரிபண்ணிக் கொடுக்கவும் மாநில லைசென்ஸ் கட்டாயமில்லை. அதே வேலைக்கு நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் லைசென்ஸ் வேண்டும். களியக்காவிளை தாண்டினால் கேரளா, வேறு சர்க்கார், வேறு சட்டம் என்று நமக்குத் தெரியாதா? அங்கே அப்படி ஐம்பது களியக்காவிளை. அதனால் வேறு மாநிலத்து சொந்தக்காரர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காதே.

கலிபோர்னியாவில் டாக்டரிடம் வேலை பார்க்கும் உதவியாளருக்குத் தனி லைசென்ஸ் கிடையாது. பரீட்சையும் கட்டாயமில்லை. ஆனால் என்னென்ன செய்யலாம் என்று 'பிசினஸ் அண்ட் புரொஃபஷன்ஸ் கோட்' என்ற சட்டத்தின் 2544ஆம் பிரிவில் எழுதியே வைத்திருக்கிறார்கள். நோயாளியின் பழைய விவரம் கேட்டு எழுதலாம். எழுத்துப் பலகையைக் காட்டி பார்வை அளக்கலாம், மெஷினே பவரைக் கணக்கிடும் ஆட்டோ ரெஃப் எடுக்கலாம், கண்ணுக்குள் இருக்கும் பிரஷர் பார்க்கலாம். பக்கவாட்டில் எவ்வளவு தூரம் பார்வை தெரிகிறது என்று மெஷினில் ஃபீல்டு டெஸ்ட் எடுக்கலாம், விழித்திரையைப் படம் பிடிக்கலாம். கண் பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு மருந்துகூட விடலாம். எல்லாமே டாக்டரின் மேற்பார்வையில், அவர் பொறுப்பில். சொட்டு விடு என்று அவர் சொல்லாமல் நீயாக விடுவதில்லை. இங்கே கண் பரிசோதனை கேம்ப்பில் வரிசையாக உட்கார வைத்து எல்லாருக்கும் விட்டுக்கொண்டே போவோமே, அந்தக் கதை அங்கே நடக்காது.

சரி, உன் வேலைக்கு வருவோம். "ஒண்ணா ரெண்டா, எது தெளிவா இருக்கு?" என்று லென்சை மாற்றி மாற்றிக் கேட்டு பவரை முடிவுபண்ணி, சீட்டு எழுதி, கண்ணாடியும் கொடுத்து அனுப்புகிறாய். அங்கே அந்த வேலையின் முதல் பாதியை மட்டும், அதற்கென்று பயிற்சி எடுத்ததற்கு எழுத்து ஆதாரம் இருந்தால், உதவியாளர் செய்யலாம். கடைசி பவரை டாக்டர்தான் பார்க்க வேண்டும், சீட்டும் அவருடையதுதான். ஆறு வருஷம் கை பழகினவளுக்கு இது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

முதல் வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். வயசான ஒரு அம்மாவுக்கு காற்று ஊதும் மெஷினில் பிரஷர் பார்த்தேன், 26 வந்தது. பொதுவாக 21 வரை சரி என்போம். "கூடுதலா இருக்கும்மா, கிளாகோமாவா இருக்கலாம்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். குளச்சல் பக்கம் கேம்ப்பில் "புரை முத்தியாச்சு, ஆபரேஷன் வேணும்" என்று சொல்லிப் பழகின வாய். கண் நரம்பைக் கெடுக்கும் நோய் அது, அந்த அம்மாவின் தாயார் அதில்தான் பார்வை போனவராம். கைப்பையைத் திறந்து மூடினார், மறுபடி திறந்தார், போனை எடுத்து மகனைக் கூப்பிட்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் வந்து கருவிழியைத் தொட்டுப் பார்க்கும் கோல்ட்மேன் முறையில் பிரஷரை மறுபடி பார்த்துவிட்டு, கருவிழியின் தடிமனை அளக்கச் சொன்னார். 610 மைக்ரான். சாதாரணமாக 540, 550 அளவில் இருக்கும். தோல் தடித்த பந்தை அமுக்குகிற மாதிரிதான்: கருவிழி தடித்திருந்தால் உள்ளே இருப்பதைவிட அளவு கூடுதலாகக் காட்டும். கண் நரம்பு நன்றாக இருந்தது, ஃபீல்டு டெஸ்ட்டிலும் குறையில்லை. அந்த அம்மாவை அனுப்பிவிட்டு என்னைத் தனியே அழைத்து, "நம்பரை நீ எடு, அது என்ன நோய் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். நீ சொன்ன வார்த்தைக்கு என் லைசென்ஸ்தான் பதில் சொல்லும்" என்றார். அன்று ராத்திரி எனக்கு சோறு இறங்கவில்லை. இப்போது யாராவது "எவ்வளவு இருக்கு?" என்று கேட்டால், "டாக்டர் பார்த்துச் சொல்வார்" என்பேன். எத்தனை தரம் கேட்டாலும் அதே பதில்தான்.

உன் டிப்ளமோவை வைத்து அங்கே ஆப்டோமெட்ரிஸ்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது. அதற்கு டிகிரிக்கு மேல் நாலு வருஷம் ஓ.டி. (டாக்டர் ஆஃப் ஆப்டோமெட்ரி) படித்து, தேசிய அளவில் பரீட்சை எழுதி, மாநில போர்டில் லைசென்ஸ் வாங்க வேண்டும். நம்ம ஊரில் கண் டாக்டர் என்றால் எம்.எஸ். படித்தவர், அங்கே ஓ.டி.யையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் குழப்பமாக இருக்கும். கட்டாயமில்லை என்றாலும் சி.பி.ஓ. என்ற, உதவியாளர்களுக்கான சான்றிதழை வாங்கி வைத்தால் சம்பளம் பேசும்போது கை கொடுக்கும். ஆறு மாச வேலை அனுபவம் இருந்தால் அந்தப் பரீட்சை எழுதலாம். நான் இரண்டாம் வருஷம் எழுதினேன். கண்ணாடிக் கடைப் பக்கம் போக நினைத்தால் கண்ணாடி கொடுப்பவர்களுக்கான ஏ.பி.ஓ. பரீட்சையும் மாநிலப் பதிவும் வேறு விஷயம். அதை வந்தபிறகு பேசிக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் முன்னால் உன் விசா. எச்-1பி வேலை விசாக்காரரின் மனைவிக்குக் கொடுக்கும் எச்-4 என்றால் உடனே வேலைக்குப் போக முடியாது. பொதுவாக, வீட்டுக்காரரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போடும் மனு) ஒப்புதல் ஆகியிருந்தால்தான் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். 2015இல்தான் அந்த வழியே வந்தது. அனுமதி கைக்கு வருகிற வரைக்கும் ஸ்பானிஷ் படி. நம்ம ஊர் மலையாளம் அங்கே எப்போதாவது உதவும், ஸ்பானிஷ் தினமும் உதவும்.

டிரையல் செட் வேண்டாம். அந்த எடைக்கு ஏத்தங்காய் உப்பேரி கொண்டு வா. டிப்ளமோ மார்க்ஷீட்டும், கடையில் என்னென்ன வேலை எத்தனை வருஷம் பார்த்தாய் என்று லெட்டர்பேடில் எழுதி வாங்கின கடிதமும் கைப்பையில் இருக்கட்டும். கடை முதலாளியிடம் அதை இந்த வாரமே கேட்டுவிடு. கிளம்புகிற நேரத்தில் கேட்டால் நாளை, மறுநாள் என்று இழுப்பார்.