டிஸ்க் பிதுங்கலுக்கு லேசர்: யாருக்குப் பலன் தரும்?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. டெலிவரி வேன் ஓட்டுகிறார். ஐந்து வாரமாக இடுப்பிலிருந்து இடது கால் பெருவிரல் வரை வலி இழுக்கிறது. எம்ஆர்ஐ ஸ்கேனில், கீழ்முதுகின் எல்4, எல்5 எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் (ஜவ்வு) பிதுங்கியிருக்கிறது. லேசரில் சரிசெய்தால் அன்றே வீடு திரும்பலாமாம். செய்யலாமா? - சிங்கப்பூர் ஈசூன் வாசகி

பதில்: இப்போதைக்கு அவசரம் வேண்டாம், அம்மா. இந்த வலி பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மருந்து, உடற்பயிற்சி சிகிச்சை, நடை இவற்றாலேயே தணிந்துவிடும். வெளியே பிதுங்கிய ஜவ்வை உடலே மெல்லக் கரைத்துவிடுவதும் உண்டு. படுத்தே கிடக்க வேண்டாம். பெட்டி தூக்கும் வேலையை மட்டும் கொஞ்ச நாள் தவிர்க்கட்டும். மருத்துவரிடம் கேட்டால் அதற்குக் கடிதம் தருவார்.

லேசர் முறை 1986லிருந்தே இருக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டு, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி டிஸ்க்குக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி, அதன் வழியே லேசரைப் பாய்ச்சி, நடுவிலுள்ள கூழ் போன்ற பகுதியில் சிறிதளவை ஆவியாக்குவார்கள். உள்ளழுத்தம் குறைந்தால் நரம்பின் நெருக்கம் தளரும். ஆனால் டிஸ்க்கைச் சுற்றியுள்ள நார் வளையம் கிழியாமல், பிதுங்கல் அதற்குள் அடங்கியிருந்தால்தான் இது உதவும். துண்டு உடைந்து வெளியே வந்திருந்தாலோ, நரம்புப் பாதை குறுகியிருந்தாலோ, எலும்பு நகர்ந்திருந்தாலோ பயனில்லை. ஸ்கேனைக் காட்டி இதைத்தான் முதலில் கேளுங்கள்.

நெதர்லாந்தில் 2015ல் வெளியான ஆய்வு ஒன்று லேசரையும் வழக்கமான அறுவையையும் ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் இரு தரப்பினரின் நலமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் லேசர் செய்துகொண்டவர்களில் 38 விழுக்காட்டினருக்கு மறுபடி அறுவை தேவைப்பட்டது. மற்றவர்களில் 16 விழுக்காடு. அன்றே வீடு திரும்பலாம் என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு வாரமாகியும் வலி வாட்டினால், பலதுறை மருந்தகத்திலிருந்து (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கி, அரசாங்க மருத்துவமனையின் முதுகெலும்பு நிபுணரைப் பாருங்கள். சிங்கப்பூரர் என்றால் கட்டணத்தில் அரசாங்க மானியம் கிடைக்கும். தனியாரிடம் போவதானால், மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) எவ்வளவு ஈடுகட்டும், கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சிறுநீர் பிரியாமல் போனாலோ, தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்தாலோ, எதற்கும் காத்திருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலும் அப்படித்தான். அந்த நேரம் வலி குறைந்திருந்தாலும் நம்பாதீர்கள். நரம்பு செயலிழக்கும்போதும் வலி குறையும்.