கடும் வெயிலுக்குப் பிறகு தாமதமாகக் காய்த்த தக்காளியை என்ன செய்வது?

வெயில் முழுக்கப் பூவாக உதிர்த்த செடி, பருவம் முடியும் நேரத்தில் பச்சைக் காயாகத் தொங்குகிறது, பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, பூ பிஞ்சு பிடிக்காமலே உதிரும். சூடு தணிந்ததும் அதே செடி காய்க்கும். ஆனால் பூ பழமாவதற்கு 45 முதல் 60 நாள் ஆகிவிடும் என்பதால், இனி வருகிற பூக்களைக் கிள்ளிவிடுங்கள், சத்தெல்லாம் இருக்கிற காய்க்குப் போகட்டும்.

காயின் அடியில் லேசாகச் சிவப்பு தட்டினாலே பறித்துவிடலாம், வீட்டுக்குள் நன்றாகவே பழுக்கும். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், அந்தக் குளிரில் பழுப்பது நின்றுபோகும்.

அப்புறம் சமையல். கடைசிப் பழங்களில் புளிப்புதான் தூக்கலாக இருக்கும், அதனால் பச்சையாகச் சாப்பிடுவதைவிட வதக்குவதே எனக்குப் பிடிக்கும். பாதியாக நறுக்கி, உப்பும் எண்ணெயும் சேர்த்து, கனமான வாணலியில் வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி, சிறு தீயில் கிளறாமல் விடுங்கள். நீர் வற்றி, தோல் சுருங்கி, ஓரம் லேசாகக் கருகும்போது ஒன்றை எடுத்துச் சுவைத்துப் பாருங்கள், அந்த இனிப்பு அதே பழத்தில்தான் இருந்தது.