பெட்டி கட்டலாமா? வாசகர் கேள்விகள்: இத்தாலியில் ஓவியமும் எஞ்சினும்

கேள்வி: வீட்டம்மாவுக்குச் சிற்பம், ஓவியம் என்றால் உயிர். எனக்கு பைக். கையில் ஒன்பது நாள் லீவு. இத்தாலியில் யார் முகமும் சுருங்காமல் இரண்டையும் பார்க்க முடியுமா?
– புல்லட் பிரியன், நாமக்கல்

தாராளமாக. ஆனால் ரோமையும் வெனிஸையும் இந்தத் தடவை விட்டுவிடுங்கள். ஒன்பது நாளில் அவற்றையும் திணித்தால் ரயில்வே ஸ்டேஷன்களைத்தான் சுற்றிப் பார்த்துவிட்டு வருவீர்கள். மிலான், பொலோன்யா, ஃப்ளோரன்ஸ் போதும். மூன்றும் ஒரே அதிவேக ரயில் பாதையில் இருக்கின்றன. பொலோன்யாவிலிருந்து ஃப்ளோரன்ஸ் போக முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

இன்னொன்று. 'உனக்கு மியூசியம், எனக்கு ஃபேக்டரி' என்று ஆளுக்கொரு திசையில் போய்விடாதீர்கள். பட்டறையில் லேத் பிடித்து, பிறகு பையன்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆள் நான். அந்தக் கண்ணுக்கு அங்கே இரண்டும் ஒரே பட்டறைக் கதையாகத்தான் தெரிகிறது.

மிலானிலிருந்து லெக்கோ வழியாக ரயில் பிடித்தால் கோமோ ஏரிக்கரையில் மண்டெல்லோ டெல் லாரியோ என்ற சின்ன ஊர். மோட்டோ குஸ்ஸி 1921-இலிருந்து அங்கேதான் பைக் செய்கிறது. மியூசியம் திறக்கும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். உள்ளே 1950-களின் நடுவில் பந்தயத்துக்காகச் செய்த 500 சிசி எஞ்சின் ஒன்று, எட்டு சிலிண்டருடன்! ஒரு சிலிண்டருக்கு 62 சிசி சொச்சம். டிவிஎஸ் 50-ஐவிடச் சற்றே பெரிய எஞ்சின் எட்டைச் சேர்த்துக் கட்டியதுபோல. பந்தயத்தில் அடிக்கடி மக்கர் செய்தது; ஆனாலும் அதைத் துணிந்து வரைந்த கையை மெச்சாமல் இருக்க முடியாது.

பொலோன்யாவில் உங்களுக்கு போர்கோ பானிகாலே பகுதி, அதாவது டுகாட்டி பைக் ஆலை. 1926-இல் ரேடியோ பாகங்கள் செய்யத் தொடங்கிய கம்பெனி. போரில் குண்டு விழுந்து ஆலை நாசமானது. போருக்குப் பிறகு சைக்கிளில் மாட்டும் குட்டி எஞ்சினில் தொடங்கி பைக்குக்கு வந்தார்கள். மியூசியத்தில் வெட்டிக் காட்டிய டெஸ்மோ எஞ்சின் இருந்தால் அதன் முன் நில்லுங்கள். சாதாரண எஞ்சினில் வால்வைத் திறப்பது கேம் என்ற முட்டை வடிவச் சக்கரம், மூடுவது ஸ்பிரிங். வேகம் ஏற ஏற ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாது. டுகாட்டியின் எஞ்சினியர் ஃபாபியோ தாலியோனி, மூடுகிற வேலைக்கும் கேமையே வைத்துவிட்டார். 1956-லேயே அதைப் பந்தயத்தில் ஓடவிட்டார். ஆலைக்குள் போக முன்பதிவு கட்டாயம்.

வீட்டம்மாவுக்கு அதே ஊரில் சான் டொமெனிகோ தேவாலயம். இருபது வயசில் மைக்கலாஞ்சலோ செதுக்கிய மூன்று சிறு சிலைகள் ஒரு புனிதரின் கல்லறையில் இருக்கின்றன. ஃப்ளோரன்ஸில் அவருடைய டேவிட் சிலைக்கு வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

ஃப்ளோரன்ஸில் இருவரும் சேர்ந்தே கதீட்ரல் குவிமாடத்தில் ஏறுங்கள். 463 படி, லிஃப்ட் கிடையாது, ஏறும் நேரத்தை முன்பே பதிவு செய்ய வேண்டும். குவிமாடம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகளாகக் கட்டியது; நடுவில் உள்ள இடுக்கு வழியாகத்தான் ஏறுவோம். அதைக் கட்டிய புருனெலெஸ்கி 1420-இல் வேலையைத் தொடங்கியபோது அடியிலிருந்து முட்டுக்கொடுக்கும் மரச்சாரமே வைக்கவில்லை. கல் தூக்க அவர் செய்த பாரந்தூக்கியை மாடுகள் சுற்றின. இறக்க வேண்டுமென்றால் மாட்டைத் திருப்பிக் கட்ட வேண்டாம்; பல்சக்கரத்தை மாற்றிக் கோத்தால் போதும். ரிவர்ஸ் கியர் ஐயா, 600 வருஷத்துக்கு முன்னால்! உச்சியில் இருக்கும் செம்புக் கோளத்தை முதலில் செய்து 1471-இல் ஏற்றியது வெரோக்கியோ என்ற சிற்பியின் பட்டறை. (இடி விழுந்து பின்னாளில் புதுக் கோளம் மாற்றினார்கள்.) அந்தப் பட்டறையில் அப்போது இருந்த பையன் லியோனார்டோ டா வின்சி. வயசான பிறகும் அந்தக் கோளத்தைப் பற்றவைத்த விதத்தைத் தன் குறிப்பேட்டில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

கேள்வி: ஃப்ளோரன்ஸின் உஃபிஸி ஓவிய மியூசியத்தில் கூட்டம் தாங்காது என்கிறார்களே. எதை மட்டும் பார்த்தால் போதும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மயிலாடுதுறை

போத்திச்செல்லி வரைந்த வீனஸ் படத்தை எப்படியும் பார்ப்பீர்கள், அம்மா. கூட்டமே உங்களை அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். வெரோக்கியோவின் 'கிறிஸ்துவின் ஞானஸ்நானம்' படத்தைத் தேடிப் பிடியுங்கள். இடப்பக்க ஓரத்தில் நமக்கு முதுகு காட்டியபடி தலையைத் திருப்பும் தேவதை, லியோனார்டோவின் கை. பக்கத்துத் தேவதையின் தலைமுடியையும் இதன் சுருள் முடியையும் மாறி மாறிப் பாருங்கள். வாத்தியாரும் மாணவனும் ஒரே பலகையில்.

அதே ஊர் அகாதெமியா மியூசியத்தில் 5.17 மீட்டர் உயர டேவிட்டை நோக்கி ஓடாதீர்கள். வழியில் மைக்கலாஞ்சலோ முடிக்காமல் விட்ட 'கைதிகள்' நால்வர் நிற்கிறார்கள். பல்லுள்ள உளி, சீப்பால் இழுத்ததுபோல் விட்ட தடம் கல்லில் அப்படியே இருக்கிறது. எனக்கு டேவிட்டைவிட இவர்கள்தான் உசத்தி. இரண்டு இடத்துக்கும் திங்கள் விடுமுறை.

கேள்வி: மிலானில் லியோனார்டோவின் 'கடைசி இராவுணவு' சுவரோவியத்தைப் பார்க்க 15 நிமிடம்தானாமே? அநியாயமாக இல்லையா?
– கல்லூரி மாணவன், கோவை

இல்லை தம்பி. ஈரச்சாந்தில் வரைந்திருந்தால் நிறம் சுவரோடு ஊறியிருக்கும். லியோனார்டோ நிதானமாகத் திருத்தித் திருத்தி வரைய ஆசைப்பட்டு, காய்ந்த சுவரில் வரைந்தார். அவர் காலத்திலேயே உதிரத் தொடங்கிவிட்டது. 1652-இல் கதவு வைக்கிறேன் என்று இயேசுவின் பாதத்தையே வெட்டினார்கள். 1943 குண்டுவீச்சில் அந்த அறையே இடிந்தும், மணல் மூட்டை அடுக்கியிருந்ததால் இந்தச் சுவர் பிழைத்தது. நம் மூச்சின் ஈரமும் தூசியும்தான் இப்போது அதற்குப் பகை. விமான டிக்கெட்டுக்கு முன்பே இந்த டிக்கெட் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: நான் ஓட்டும் ஆப்பே, இத்தாலி வண்டியாமே?
– ஷேர் ஆட்டோ ஓட்டுநர், மதுரை

உங்கள் வண்டி மகாராஷ்டிராவின் பாராமதியில் செய்தது. பூர்வீகம் பீசாவுக்குப் பக்கத்திலுள்ள பொந்தேதேரா. விமானம் செய்துகொண்டிருந்த பியாஜியோ கம்பெனி, போருக்குப் பின் 1946-இல் வெஸ்பா ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது; காப்புரிமைக்கு மனு போட்டது ஃப்ளோரன்ஸில். வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ ஹெலிகாப்டர் ஆள், மோட்டார் சைக்கிளே பிடிக்காதவர். செயினில் கிரீஸ் ஒட்டுகிறதா, செயினே வேண்டாம். பஞ்சர் பார்க்கக் கஷ்டமா, விமானச் சக்கரம்போல ஒரே பக்கம் தாங்கவிடு. 1948-இல் அதற்கே மூன்று சக்கரம் வைத்துச் சுமை ஏற்றினார்கள். அதுதான் முதல் ஆப்பே. பொந்தேதேராவில் பியாஜியோ மியூசியம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்.

கேள்வி: சுத்த சைவம். சமாளிக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பார்மேசான் சீஸ் கன்றின் இரைப்பை நொதி சேர்த்துச் செய்வது. கேட்காமலே மேலே தூவிவிடுவார்கள். முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: அங்கே பைக் வாடகைக்கு எடுத்து ஓட்டலாமா?
– பெயர் வேண்டாம், ஓசூர்

ஓட்டலாம். ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்ளோரன்ஸுக்கும் பொலோன்யாவுக்கும் நடுவே ஃபூட்டா கணவாய்ச் சாலை, வளைவுக்குப் பேர்போனது. முஜெல்லோ பந்தயத் தளமும் அந்தப் பக்கம்தான். பழைய நகருக்குள் மட்டும் கவனம். சிவப்பு வளையமிட்ட வெள்ளைப் பலகையில் 'ட்ஸோனா டிராஃபிகோ லிமிடாதோ' (போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதி) என்றிருந்தால், அந்த ஊரில் பைக்குக்கு அனுமதி உண்டா என்று தெரியாமல் நுழையாதீர்கள். போலீஸ் யாரும் நிற்க மாட்டார். அனுமதியில்லாமல் நுழைந்தால் கேமரா பிடித்துவிடும், அபராதச் சீட்டு மாதக்கணக்கில் கழித்து ஓசூருக்கே வரும்.